வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு வாங்க

திருப்போரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாசனைப் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன், தம்பி. உன் சட்டைப்பையில் வருஷக்கணக்காக இருந்த வாசனை அது. உனக்குப் பாக்கே பிடிக்காது. தெரிந்தேதான் வாங்கித் திணித்தான் நம் அண்ணன், அந்தப் பெரிய மனுஷன்.

உனக்கு மட்டும் காதில் கேட்ட குரல்களை மனநோய் மாத்திரை நிறுத்தியது உண்மை. ஆனால் சில வருஷத்தில் உன் வாய் சும்மா இருக்க மறுத்தது. உதடு குவியும், நாக்கு எட்டிப் பார்க்கும், தாடை அரைத்துக்கொண்டே இருக்கும். மனை போட்டு விற்கிற அண்ணன் உன்னை சைட்டில் காவலுக்கு வைத்திருந்தான். வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்பதுதான் அவன் கவலை. "எதனா மென்னுகினே இரு. பாக்கு போடறான்னு நெனச்சிக்குவாங்க" என்றான். என்னவோ பெரிய மூளை என்று தானே பூரித்துப்போனான், தடிமாடு.

அந்த மாத்திரையை எழுதித் தந்த செங்கல்பட்டு டாக்டர் அவனுக்குச் சளைத்தவரா? ஒரு தடவையாவது நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்திருப்பாரா? தூக்கம் வருதா, சரி, அதே மாத்திரை. உன் வாயைப் பற்றி நான் கேட்டதற்கு, பாக்குப் பழக்கத்தை விடச் சொல்லுங்கம்மா என்றார். என்ன படிப்போ, என்ன பட்டமோ!

அவர் ஊரில் இல்லாத ஒரு வாரம், அந்த நாற்காலியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். உன்னைப் பார்த்ததுமே பேனாவை மூடிவைத்தார். "மொதல்ல வாய்ல இருக்கறத துப்பிட்டு வாங்க" என்றார். செருப்பைக் கழற்றி, கைகளைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, நடக்கவும் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னபடி நீ கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தட்டியபோது உன் வாய் இன்னும் வேகமாக ஆடியது. இது பழக்கம் இல்லை, மாத்திரையால் வந்தது, முன்னாடியே பார்த்திருக்க வேண்டும் என்றார். நீ அழுதாய். "அக்கா, நா வேணும்னு பண்லக்கா" என்றாய். எனக்கா தெரியாது?

மாத்திரையை மெல்ல மாற்றினார். ஆட்டம் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன். வர்றவன் போறவனுக்கெல்லாம் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா என்று மறுபடியும் பொட்டலத்தை நீட்டினான். நீ வாங்கவில்லை. அதற்காகவே மாமல்லபுரத்தில் நடந்த அவன் பெண் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை. கடலைப் பார்த்த மண்டபமாம், ஊரே சாப்பிட்டதாம். கூடப் பிறந்தவனுக்கு மட்டும் இலை இல்லை.

நெஞ்சு வலி வந்து நீ போன அன்று, வாய்க்கரிசி போட முதல் ஆளாக வந்தான். ஊர் பார்க்கிறதே! கை நிறைய அரிசி. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"போதும் அண்ணாத்த. அவன் வாய்ல நீ போட்டதெல்லாம் போதும்."

அதோடு அவன் என்னிடம் பேசுவதில்லை. பெரிய நஷ்டம்தான், போ. இப்போதெல்லாம் யாருக்காவது உதடு அப்படி ஆடினால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கிட்டே போய், என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும், தம்பி. உன்னை அத்தனை வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லையே.