இளைத்தவளின் போட்டோ

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

கனகவள்ளிக்கு சங்கரேஸ்வரி எழுதிக்கொண்டது. ஊருக்குப் போய்விட்ட நீ வள்ளியூரில் சுகமாகத்தான் இருப்பாய். நான் சுகமில்லை. போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னால் அழாமல் பேச முடியாது. அதனால்தான் காகிதம்.

முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டது. நான் விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. காலையில் தண்ணீர் வந்ததும் டிரம்மில் ஊற்றக் குடத்தைத் தூக்கினேன். சுருக்கென்றது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் மகன்தான் ஆட்டோ பிடித்தான். இப்போது பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். இட்லிக் கொப்பரையைத் தூக்கக் கூடாதாம், மாவு வாளியைத் தொடக் கூடாதாம். என் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாக அவித்து சைக்கிளில் கொண்டுபோகிறார். இட்லி கல்லாக இருக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் திட்டுகிறார்களாம். அவர் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு பரீஹாதான் சொன்னாள்.

சயான் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா, தீட்டு எப்போது நின்றது, எடை எப்படி இவ்வளவு குறைந்தது என்று கேட்டார். சோற்றுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்க நீ விற்ற இளைக்கிற பவுடரைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். தீட்டு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு தானாகவே தேயுமாம். அந்த வயதில் சோற்றை நிறுத்தி மளமளவென்று இளைத்தால் கொழுப்போடு சதையும் எலும்பும் சேர்ந்து கரையுமாம். அளவுக்கு மீறிய பருமன் ஆகாதுதான், ஆனால் கொஞ்சம் பூசினாற்போல இருந்த உடம்பு என் எலும்புக்குக் காவலாம்.

அந்தக் காவலைத்தான் நாம் கொண்டாடி இறக்கினோம். தளவாய் அண்ணாச்சி அரிசிக்கடை திறக்குமுன், மூட்டை நிறுக்கும் தராசில் உன்னிடம் பவுடர் வாங்கும் எங்களை வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றி நிறுத்துவாய். எடை இறங்கியவளுக்கு எல்லாரும் கைதட்ட வேண்டும், அது நீ வைத்த சட்டம். எனக்குத்தான் அதிகக் கைதட்டல். பிள்ளைகள் மோட்டி ஆன்ட்டி, குண்டு ஆன்ட்டி என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மாடி ஏணியில் மூச்சு வாங்காமல் ஏறினேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீயும் தெரியாமல்தான் செய்தாய் என்று நினைத்திருந்தேன். போன வாரம் உன் மருமகள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். சூதுவாது தெரியாத பிள்ளை. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "எங்க அத்தைக்கும் எலும்பு தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கே பவுடரை விட்டுட்டாங்க. கேப்பை மாவுதான் காய்ச்சிக் குடிப்பாங்க" என்றாள்.

எப்போது என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முன்னால் என்றாள். நான் பொங்கல் கழித்துத்தானே உன்னிடம் சேர்ந்தேன், கனகா?

தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து, சேர்ந்து குடிப்போம் என்று டம்ளரை முட்டுவாய். இரண்டும் ஒரே காப்பிக் கலர். என்னதில் பவுடர், உன்னதில் கேப்பை. இத்தனை வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள் எனக்கு இப்படிச் செய்வாள் என்று எவளாவது சொல்லியிருந்தால் அவளைச் செருப்பால் அடித்திருப்பேன். படுத்தபடி இதையே நினைக்கிறேன். முதுகு வலிகூட மறந்துபோகிறது.

எனக்குச் செய்தது என்னோடு போகட்டும். நேற்று வள்ளியூரிலிருந்து என் தங்கை மகேஸ்வரி பேசினாள். நீ அவள் வீட்டுக்கே போய், குண்டாக இருந்த நானும் இளைத்த நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் போட்டோவைக் காட்டினாயாம். நான் படுக்கையில் விழுந்தது தெரிந்த பிறகு காட்டியிருக்கிறாய். அந்தப் பவுடரைக் குடிக்காதே என்று அவளிடம் கத்தினேன். குடம் தூக்கினால் யாருக்கும் முதுகு பிடிக்கத்தான் செய்யும் என்று நீ அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாய். "நீ மட்டும் அழகா இருக்கணுமாக்கா?" என்று அவள் சிரிக்கிறாள்.

அவளுக்குத் தீட்டு நின்று கொஞ்ச காலம்தான் ஆகிறது. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தேன் அவளை. இப்போது என் பேச்சு ஏறவில்லை, உன் பேச்சைத்தான் நம்புகிறாள். அவள் வீட்டுக்கு இன்னொரு தடவை போ. நீ என்ன குடிக்கிறாய், ஏன் குடிக்கிறாய் என்று உன் வாயாலேயே சொல். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம்.

போகும்போது பார்த்து நட. அவள் தெரு மேடும் பள்ளமுமாக இருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாதே. உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மகேஸ்வரியின் அக்கா
சங்கரேஸ்வரி.