புகை காணாத கூரை

அன்புள்ள அனிஸ்ரன் அப்பாவுக்கு, உங்கள் மனைவி சூசையம்மா எழுதுவது. மாதா காவலில் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? அந்தக் காலோடு கடலுக்குப் போய் வீரம் காட்ட வேண்டாம்.

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். புகையில்லா அடுப்பு மூட்டப் பழக்க வந்த நான், முதல் நாளே எல்லாருக்கும் முன்னால் தீப்பெட்டியைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது. சிரித்து முடிந்ததா?

இந்தியாவிலிருந்து திரும்பி வந்த அகதிச் சனத்துக்கு நெடுங்கேணிப் பக்கம் கட்டிக் கொடுத்த வீடுகளில்தான் பயிற்சி. தனியே இருக்கிற பத்மாசனி அக்காவுக்கும் ஓர் அடுப்புக் கொடுத்தோம். திங்கட்கிழமை பார்வையிட வந்த அதிகாரி அவாவின் கூரையைக் காட்டி, "பாருங்கோ, துளிப் புகை இல்லை. இவாதான் வடிவாய்ப் பழகியிருக்கிறா" என்றார். நானும் வாசலில் நின்று, "அக்கா, பரிசு உங்களுக்குத்தான்!" என்று கத்தினேன். உள்ளே போனால், அக்கா காய்ச்சலில் பாயில் கிடந்தா. வெள்ளிக்கிழமையிலிருந்து அடுப்பே மூட்டவில்லையாம். முந்தியென்றால், புகையைக் காணவில்லையே என்று யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள்.

பயப்படாதீர்கள். ட்ரக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இப்போது கதைக்கிறா. எனக்குத்தான் அழுகையும் வரவில்லை, பசியும் இல்லை. காலையில் வீடு வீடாய்ப் போய், "உலை வைச்சாச்சோ?" என்று கேட்கிறேன். என்னிடம் அப்படிக் கேட்க இங்கே ஆளில்லை.

பஸ்ஸில் கொஞ்சம் கருவாடும் ஒரு சோடிச் செருப்பும் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகிற பஸ்ஸின் ஹோர்ன் கேட்கிறது, நிறுத்துகிறேன். ட்ரக்டரில் ஏறின அவசரத்தில் அக்காவின் செருப்பொன்றை மாறிப் போட்டுவிட்டேன். என்னிடம் இருக்கிற இரண்டும் இடக்கால்.