இரண்டாம் வசனத்தின் நடுவில்

சத்தியவேடு,
புதன்கிழமை.

ஆண்டவருக்குள் அன்பான கல்பனா அக்காவுக்கு, கௌசிகா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா, நைனா, நான் மூவரும் சுகம். வேலூரில் உங்கள் தொண்டையில் போட்ட தையல் ஆறிவிட்டதா? கஞ்சி சிரமமில்லாமல் இறங்குகிறதா? இனிமேல் குரல் திரும்பாது என்று டாக்டர் சொன்னதை உங்கள் அண்ணன் தெரிவித்தார். அன்று முதல் போனில் உங்கள் பெயரை எடுத்துப் பார்ப்பேன், அழைக்க மாட்டேன். நான் மட்டும் பேச, நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதை நினைத்தால் எனக்கு வார்த்தை வராது. அதனால்தான் கடிதம்.

"பழையதை வைத்துக்கொண்டு கஷ்டப்படாதே, உனக்கென்று ஒரு ஸ்டடி பைபிள் வாங்கு" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தனுப்பிய சீட்டு வந்து சேர்ந்தது. எனக்கு மனம் வரவில்லை. பாஸ்டர் ஐயா தெலுங்கில் பிரசங்கிக்க, கம்பெனி வேலைக்கு வந்த நம் தமிழ் ஆட்களுக்காகப் பன்னிரண்டு வருடம் நீங்கள் அவர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னபோது கையில் இருந்த புத்தகம் அது, இப்போது உங்கள் இடத்தில் நிற்கும் என் கையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதும் சரிதான். அட்டை ஆஸ்பத்திரி பிளாஸ்திரியில்தான் நிற்கிறது. முதல் தாள்கள் கிழிந்துபோய், ஆதியாகமமே மூன்றாம் அதிகாரத்தில்தான் தொடங்குகிறது. உலகம் படைக்கப்படுவதற்கு முன்பே ஆதாமும் ஏவாளும் தப்பு செய்துவிடுகிறார்கள்.

போன சனிக்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கத்துப் புத்தகக் கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று தெலுங்கு, ஒன்று தமிழ். பள்ளியில் தெலுங்கில் படித்தவள் நான். தெலுங்கு என்றால் கண் ஓடும், தமிழ் என்றால் நடக்கும். ஆனால் வசனத்தை நானாக மொழிபெயர்க்கக் கூடாது, அச்சில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்களே. தமிழையே எடுத்தேன். அக்கா, அங்கேயே அதைத் திறந்து பார்த்தேன். நான்கு வரி வசனத்துக்குக் கீழே அரைப் பக்கம் விளக்கம். கடைசியில் வரைபடங்கள். நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நடந்த தூரம் ஏறக்குறைய நம் ஊரிலிருந்து திருப்பதிக்குப் போய்த் திரும்பும் தூரம். அதைச் சின்னப் பையனாக இருந்தபோதே ஆண்டவர் நடந்திருக்கிறார். நைனா சுவரில் மாட்டி வைத்திருக்கும் என் பட்டத்தை நினைத்துக்கொண்டேன். எனக்கு எதுவும் தெரியாது என்பது அந்தக் கடையில்தான் தெரிந்தது.

கடைக்காரர் கோவர்த்தனன் என் தயக்கத்தைப் பார்த்து, ஒரு ஞாயிறு சபையில் வாசித்துப் பார், சரிப்படாவிட்டால் மாற்றித் தருகிறேன், பெயர் மட்டும் எழுதிவிடாதே என்றார்.

ஞாயிறு அன்று நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐயா மலைகளைப் பார்க்கும் அந்த நூற்று இருபத்தோராம் சங்கீதத்தை எடுத்தார். நான் பக்கத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் எனக்கு எழுத்துகள் கலங்கிவிட்டன. முதல் வசனத்தை வாசித்தேன். அப்புறம் கண் எங்கே வழுக்கியதோ, கீழே இருந்த விளக்கத்தையே வசனம் என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். பழங்காலப் பயணிகள், வழிப்பறி என்று ஏதேதோ. தமிழ் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் புத்தகத்தை மூடினேன். இறங்கி ஓடிவிடலாம், இனி இந்த இடத்தில் நிற்கவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தங்கவேலு அண்ணன். கம்பெனியில் லோடு ஏற்றுகிறாரே, அவர். கையெழுத்துப் போடவே தடுமாறுகிறவர், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தார். வள்ளி அக்கா சேர்ந்துகொண்டார். பிறகு தமிழ்ப் பக்கம் முழுவதும் எழுந்து நின்று, சங்கீதத்தின் கடைசி வரை ஒரே குரலாகச் சொல்லி முடித்தார்கள். யார் கையிலும் புத்தகம் இல்லை. தெலுங்குக்காரர்கள் திரும்பிப் பார்த்தபடி இருந்தார்கள். நான் மூடிய புத்தகத்தோடு அங்கேயே நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் வள்ளி அக்கா, "இன்னாடி, கர்த்தர் புச்சா இன்னாமோ சொல்லிக்கினு கீறாரேன்னு பார்த்தேன்" என்று கேலி செய்தார். பாஸ்டர் ஐயா சிரிக்கவில்லை. தமிழ் தெரியாத அவருக்கும் ஒன்று கேட்டிருக்கிறது. இரண்டாம் வசனத்தின் நடுவில் எல்லோரும் ஏன் நிறுத்தினார்கள் என்று என்னிடம் கேட்டார். ஆமாம் அக்கா, நிறுத்தினார்கள். மூச்சுவிட வேண்டாத இடத்தில், இரண்டு மூச்சு நேரம். தங்கவேலு அண்ணனிடம் கேட்டேன். "அக்கா அங்கதான் நிறுத்தும். அது அப்டித்தாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய புத்தகத்தைத் திறந்தேன். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்பதோடு அந்தப் பக்கம் முடிகிறது. அவரிடமிருந்து உதவி வரும் என்பது தாளின் மறுபக்கத்தில் இருக்கிறது. தாளின் மூலையில் டேப் ஒட்டியிருக்கிறீர்கள், அது அடுத்த தாளோடு ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் கிளப்பித் திருப்ப இரண்டு மூச்சு ஆகிறது. பன்னிரண்டு வருடம் நீங்கள் தாள் திருப்பிய நேரத்தை அவர்கள் வசனத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து என்ன என்று கேட்டார். அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினேன்.

புதுப் புத்தகத்தைத் திருப்பித் தரப் போவதில்லை. நேற்று முதல் தாளில் என் பெயரை எழுதிவிட்டேன். விளக்கம் எது, வசனம் எது என்று ஒவ்வொரு நாளும் வாசித்துப் பழகுகிறேன். அதில் அந்த வசனம் முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. இருந்தாலும் நடுவில் நிறுத்தியே வாசிப்பேன்.

உங்கள் புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். உடம்பு தேறியதும் ஒரே ஒரு ஞாயிறு வாருங்கள். சத்தியவேடு பஸ் நிலையத்துக்கே நான் வந்து கூட்டிப் போகிறேன். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். முன் வரிசையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். நீங்கள் அந்தத் தாளைத் திருப்பும் வரை நாங்கள் யாரும் அடுத்த சொல்லைச் சொல்ல மாட்டோம்.

உங்களுக்காக ஜெபிக்கும் தங்கை,
கௌசிகா