கூட வந்திருப்பவர்

இன்று காலை ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. சூடாக அச்சாகி வரும் அந்த வழவழப்பான தாளின் வாசனை உனக்குப் பிடிக்காது. மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்குவாய். என் பெயருக்குக் கீழே 'கூட வந்திருப்பவர்' என்று ஒரு வரி. நீ போட்ட வரி. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பதிவு மென்பொருளை எட்டு மாதம் உட்கார்ந்து வடிவமைத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகூட எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஆபீசுக்கு வந்தேன். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து பத்தேகாலுக்கு ஆடி அசைந்து வந்து, பாலத்தில் டிராஃபிக் என்பாய். ஒவ்வொரு கட்டமும் நிரம்பினால்தான் அடுத்த திரை திறக்கும்படி செய்திருந்தேன். 'தந்தை / கணவர் பெயர்' என்ற கட்டத்தின் பக்கத்தில், கட்டாயம் என்பதற்கான சிவப்பு நட்சத்திரத்தை வைத்ததும் நான்தான்.

முதல் வாரமே வரிசை வாசல்வரை நின்றது. என்னவென்று பார்க்க இருவரும் போனோம். திருவெள்ளறையிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் கவுன்டர் பெண் கணவர் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"எங்க ஊரு சாமி பேருங்க."

"ரங்கநாதனா?"

"அது சீரங்கத்துச் சாமிங்க. நான் சொல்றது எங்க ஊரு."

கவுன்டர் பெண் 'பெருமாள்' என்று தட்டி அனுப்பிவிட்டார். பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தால், கிராமத்திலிருந்து வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கணவர் பெயர் பெருமாள்.

ஸ்டாஃபுக்குப் பயிற்சி போதவில்லை என்றேன். நீ சிரித்தாய். "உன் ஸ்க்ரீன் பிரமாதம்டா. ஜனங்கதான் அதுக்குத் தகுந்த மாதிரி பொறக்கல."

அப்புறம் மூன்று நாள் அந்தக் கவுன்டருக்கு எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். லேப்டாப்கூட எடுத்துப் போகவில்லை. வந்து என் கட்டத்தை எடுத்துவிட்டு, இந்த வரியையும் ஒரு போன் நம்பரையும் வைத்தாய். "நமக்கு வேண்டியது புருஷன் பேரு இல்லடா. கூப்பிட்டா வர்ற ஆளு."

மறுநாளே வரிசை குறைந்தது. நிர்வாகி உன் கையைத்தான் குலுக்கினார். ஒரு கல்லூரியில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மனிதர்களைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தொடுங்கள் என்றாய். கடைசி வரிசையில் உட்கார்ந்து மைக் கெட்டுப்போகாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தாலும், "அந்த சார் பக்கத்துல இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்த நம்பர் வந்தால் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை, "ஆஸ்பத்திரிவரைக்கும் போயிட்டு வரேன்டா" என்றாய். வேலையாகப் போகிறாய் என்று நினைத்தேன். "போ, போ. மாலையோட நிப்பாங்க" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து போன். இரண்டு தடவை. நீதான் அங்கே இருக்கிறாயே, உன்னையே பிடித்துக்கொள்ளட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் ஆபீசுக்கு வந்தாய். எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டாய்.

இன்று நெஞ்சுக் கரிப்பு என்று தனியாகத்தான் போனேன். கவுன்டர் பெண் என் போன் நம்பரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இந்த நம்பர் ஏற்கெனவே இருக்குங்க. பேஷன்ட்டா இல்ல, கூட வந்தவர்னு."

திரையைத் திருப்பிக் காட்டினார். மேலே உன் பெயர், நீ ஆஸ்பத்திரிவரைக்கும் என்று சொல்லிவிட்டுப் போன அந்த நாளின் தேதி. கூட வந்திருப்பவர்: என் பெயர். உறவு: நண்பர். அதற்குக் கீழே, இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்ற குறிப்பு.

வராத என்னை வந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த பெஞ்சில் நீ தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் உன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பொறாமை.

"உங்க கூட யாருங்க சார்?"

உன் பெயர் வாய்வரை வந்தது. அந்தத் திருவெள்ளறை அம்மா மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். கவுன்டர் பெண் எனக்குப் பின்னால் நின்ற வரிசையை எட்டிப் பார்த்தார். பிறகு அந்த இடத்தைக் காலியாகவே விட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அந்த வரிக்கு நீ நட்சத்திரம் வைக்கவில்லை. நானாக இருந்தால் வைத்திருப்பேன். வைத்திருந்தால் இன்னும் அந்தக் கவுன்டரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.