தொழிலுக்கு நக்கிய நெய்

மாசி 4, சனி

வெயில் இப்போதே பங்குனி மாதிரி. ராசிபுரத்திலிருந்து சேலம் போய் வந்தேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓட்டும் பஸ். மேட்டில் நின்றுவிட்டது, எல்லோரும் இறங்கித் தள்ளல். நான் கை வைத்த பிறகுதான் நகர்ந்தது.

டாக்டர் என் மூத்திரத்தை நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறம். இவ்வளவு வேகமாக மாறி இருபது வருஷத்தில் பார்த்ததில்லை என்றார். (சொல்லவில்லை. முகம் சொன்னது.) சர்க்கரை வியாதி.

போனதற்குக் காரணம்: போன வாரம் அடுப்புத் தணலை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், சுட்டதே தெரியவில்லை. தோல் கருகின வாசம் பிடித்து என் சம்சாரம் செல்லம்மாள்தான் அலறினாள். அப்பாவுக்கும் இப்படித்தான். கட்டைவிரலில் ஆரம்பம், முழங்காலில் எடுத்தார்கள்.

உத்தரவு: வெல்லம், நெய், அரிசிச் சோறு கூடாது. பத்து நாள் தின்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அந்தச் சாப்பாடு இந்த உடம்பைக் கடைசிவரை தாங்குமா என்று பார்த்துச் சொல்வாராம். தாங்காது என்றால் கால் போகும்.

டாக்டர் நோட்டு வேறு. இது என் சொந்த நோட்டு.

மாசி 5, ஞாயிறு

கா. கம்பங்கூழ், மோர், சின்ன வெங்காயம்.
ம. ராகிக் களி ஓர் உருண்டை, கீரைக் கடைசல்.
ரா. அதே களி. சுரைக்காய்.

ரிஷிகள்கூட இதைவிட அதிகம் தின்றிருப்பார்கள். மூன்று வேளையும் செல்லம்மாளும் களியே தின்றாள். "உனக்கென்ன தலையெழுத்து, சோறு ஆக்கிக்க" என்றேன். "ரெண்டு அடுப்பு ஆருங்க பத்த வெக்கிறது" என்றாள். வீட்டில் இருப்பது இரட்டை அடுப்பு, ஒரே தீயில் இரண்டும் வேகும். நல்ல மனுஷி.

மாசி 7, செவ்வாய்

சந்தை. நாற்பது பானை நெய்க்குத் தரம் பார்த்தேன், அதுதான் என் தொழில். ஜில்லாவில் என் நாக்குக்கு எதிர் நாக்கு கிடையாது. பானையிலிருந்து விரலில் ஒரு வழி வழித்துப் புறங்கையில் தேய்த்து, மோந்து, நக்கி, தரம் சொல்வது. அடுத்த பானைக்கு முன் நாக்கு மாற வேண்டும், பாக்கு அளவு வெல்லம். மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்பதுவரை சொன்னேன். புதுச்சத்திரத்து வியாபாரி சின்னச்சாமி, "மாமா சொன்னா அதுக்கு மேல பேச்சில்லீங்க" என்றான். கூட்டம் பிரமித்தது.

கா. கூழ். ம. களி, மோர். ரா. களி.
இன்றும் பத்தியம் சுத்தம். டாக்டர் அசந்துபோவார்.

மாசி 8, புதன்

டாக்டர் நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னாள் செல்லம்மாள். படித்தேன்.

"சந்தையில தின்னது எங்கீங்க?"

"சந்தையில எங்கடி தின்னேன்? அது தொழில்."

"தொழிலுன்னு தொண்டைக்குத் தெரியுமுங்களா?"

முந்தானையிலிருந்து, நான் சந்தைக்கு வெல்லம் கட்டிக்கொண்டு போன வாழைச் சருகை எடுத்துப் போட்டாள். காலி. நேற்றுக் காலையில் ஒரு முழு அச்சு இருந்தது, எனக்கே தெரியும். இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அது சாப்பாடு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பிறகு டம்ளரை எடுத்து வைத்து, பானைக்கு ஒரு வழி என்று நெய்யை விட ஆரம்பித்தாள். பாதி டம்ளரைத் தாண்டிப் போகிறது.

"போதும், நிறுத்து."

"நாப்பது பானைன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. இன்னும் எட்டு இருக்குதுங்க."

"நாப்பது இல்லடி. இருபத்தாறு."

கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "உங்க காலு போனா நானுந்தாங்க நொண்டோணும்" என்றாள். கண்ணில் தண்ணீர்.

டாக்டர் நோட்டில் சேர்த்துவிட்டேன்: செவ்வாய், நெய் 26 தடவை, வெல்லம் ஓர் அச்சு. மேலே எழுதிய நாற்பதும் தப்பு. இருக்கட்டும், அடிக்கவில்லை.

மாசி 14, செவ்வாய்

சந்தை. மேகமூட்டம். வெல்லம் கொண்டுபோகவில்லை. நக்கவும் இல்லை. உள்ளங்கையில் தேய்த்தேன், மோந்தேன், அவ்வளவுதான்.

"என்ன மாமா, நாக்கை அத்தை ஊட்டுலயே வெச்சுக்கிட்டாங்களா?" என்றான் சின்னச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். மூக்கிலேயே பார்க்கும் வித்தை வடநாட்டில் மகாராஜா அரண்மனையில் நடப்பு என்று எடுத்துவிட்டேன். நம்பினார்கள்.

கலப்படம் இரண்டு பிடித்தேன். மூன்றாவது தப்பிவிட்டது. அதை எழுதாமல் விடலாம் என்றிருந்தேன். சின்னச்சாமிதான் கண்டுபிடித்தான். தனியாகக் கூப்பிட்டு, "மாமா, உடம்புக்கு என்னங்க?" என்றான். சொன்னேன். "இனி நாக்கு என்னுதுங்க, மூக்கு உங்களுது. ரெண்டு பேருமாப் பாப்போம்" என்றான்.

பழனிக்கு நூறு தடவை நடந்தாலும் இப்படி ஒருத்தன் கிடைக்க மாட்டான். (நான் நடந்தது இரண்டு தடவை.)

கா. கூழ். ம. களி. ரா. கொள்ளு ரசம், களி. சந்தையில் ஒன்றுமில்லை.

மாசி 15, புதன்

சேலம். செல்லம்மாளும் கூட வந்தாள். டாக்டர் நோட்டு முழுவதும் படித்தார். நெய் 26 தடவை என்ற இடத்தில் நின்று, "இதை எழுதாமல் விட்டிருந்தால் நான் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன்" என்றார். இது அவர் நிஜமாகவே சொன்னது.

நீலத் தண்ணீர் காய்ந்தது. பச்சை. கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை, சர்க்கரை இறங்கியிருக்கிறது. இந்தச் சாப்பாடு தாங்கும், ஆனால் பத்து நாளோடு விடக் கூடாது, உயிர் உள்ளவரைக்கும் தின்ன வேண்டும் என்றார். செல்லம்மாள் அவரைக் கும்பிட்டாள். நானும்.

விளக்கு வைக்கும் நேரம் வீட்டுக்கு வந்தோம். தணல் சுட்ட காலை நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாக நகத்தால் அழுத்தினாள். "தெரியுதுங்களா? இது? இது?"

ஐந்தும் தெரிகிறது என்று வாய்வரை வந்துவிட்டது.

மூன்று என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

எந்த மூன்று என்று தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.