மஞ்சள் வைத்த கவர்

என் பிரியமுள்ள அக்கா,

வியாழக்கிழமை உன் மகள் சிந்து மேற்படிப்புக்காக ஜெர்மனி புறப்படுகிறாள். இந்தச் செய்தியை உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியாமல் ஒன்று தடுத்தது.

மாமாவுக்குப் பின்னால் நீயும் போய்ச் சேர்ந்ததிலிருந்து, சரவணம்பட்டி வீட்டில் சிந்துவும் நானும்தான். ஒரு வருஷமாக எங்கள் பேச்சே வெளிநாட்டுப் படிப்புதான். அயர்லாந்தில் ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம், ஆனால் செலவு கூட. ஜெர்மனியில் கட்டணம் குறைவு, அந்த ஊர் பாஷை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகக் கதவு, கண்ணாடி, அரிசி டின் எல்லாவற்றிலும் ஜெர்மன் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டினாள். ஆங்கிலத் தேர்வு எழுதினாள், பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினாள். ஏன் இந்தப் படிப்பு என்று இரண்டு பக்கம் எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் நீ வந்தாய், நான் வரவில்லை. இதற்கெல்லாமா வருத்தப்படுவது என்று நீ கேட்பாய்.

அவளுக்குப் பிடித்த பல்கலைக்கழகம், மதிப்பெண் பட்டியலை இங்கத்திய பல்கலைக்கழகமே கவரில் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தர வேண்டும் என்று கேட்டிருந்தது. ஒரு மாதம் அலைந்து வாங்கி வந்தாள். நல்ல காரியத்துக்குப் போகும் காகிதம் என்று நான் அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தொட்டு வைத்தேன். நம் வீட்டில் எதற்குத்தான் வைக்காமல் இருந்தோம்? மஞ்சள் ஊறி, முத்திரை மை கலைந்து, ஒட்டிய இடமும் வாயைத் திறந்துகொண்டது.

காலையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "ஏஞ்சித்தி, ஜெர்மன்காரன் இத மொய்க் கவருன்னு நெனச்சுக்கப் போறானுங்க," என்று சிரித்தாள். விண்ணப்பம் அனுப்பித் தரும் ஏஜென்சிக்காரர்களோ, பிரித்த கவர் செல்லாது, கடைசித் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான், இல்லையென்றால் அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டார்கள்.

"போச்சாதுங்க சித்தி, போனாப் போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம். உங்களத் தனியா உட்டுட்டுப் போறதும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு," என்றாள்.

அக்கா, இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெரியாமல் செய்த தப்புதான், ஆனால் அது நல்லதாகப் போயிற்று என்று இரண்டு நாள் நிம்மதியாகச் சமைத்தேன், பள்ளிக்கூடம் போனேன், பாடம் எடுத்தேன். பெற்றவள் நீயாக இருந்தால் இப்படி நினைத்திருப்பாயா?

மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து வந்தபோது, அவள் அரிசி டின்னில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கதவில் இருந்ததும் கண்ணாடியில் இருந்ததும் ஏற்கெனவே போயிருந்தன. அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கவரை என்னிடம் கொடுக்கலாம் என்று அவளிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, நானே பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். புதுக் கவருக்கு மூன்று வாரம் ஆகும் என்றார் அங்கே இருந்தவர். பழைய கவரை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

"நாந்தானுங்க மஞ்ச வெச்சுக் கெடுத்துப்போட்டேன். புள்ள மேல தப்பில்லீங்க."

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த ஊருங்க அம்மணி?"

"வெள்ளகோவிலுங்க."

"எங்கூட்டுக்காரியும் இதேதானுங்க. கேஸ் புக்குக்குக்கூட மஞ்ச வெப்பா," என்றவர் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை வாங்கிய கவரை எந்தச் சாமி படத்துக்கு முன்னாலும் வைக்காமல் நேராகக் கூரியரில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இடம் கிடைத்தது, விசாவும் வந்துவிட்டது.

அந்த இரண்டு நாள் சந்தோஷத்தை அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இப்போது அவள் அறையில் பெட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறாள். பேச்சுத் துணைக்கு ரேடியோ வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். பதில் சொல்கிற ரேடியோ இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் அங்கிருந்து எப்போது கூப்பிட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லுவேன். அது பொய்யாக இருக்கும் நாட்களில், இதைப்போல் ஒரு கடிதத்தோடு உன்னிடம் வருகிறேன்.

உன் தங்கச்சி,
சிந்துவின் சித்தி