அப்பா சிரித்ததை நீ எழுதிய விதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உன் கதை வந்த பிறகு நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொன்னால் இந்தத் தெருவில் ஒருத்தரும் நம்புவதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், ராத்திரி கண் விழிக்காமல் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் உன் தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் குடி. கதை அப்பாவுக்குப் பிடித்ததா என்று கேட்டாய், ‘ம், பிடிச்சுது’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான். இப்போது அவர் கடையில் இருக்கிறார், எனக்கும் கிளினிக்கில் மத்தியானம் ஆள் வரவில்லை, விவரமாகவே எழுதுகிறேன்.

பத்திரிகை வந்த அன்றைக்கு உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. முனைக்கடையில் இருந்த பிரதிகளை ஒன்றுவிடாமல் வாங்கி வந்து, சலூனில் ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சில் அடுக்கிவிட்டார். அங்கே கிடந்த பழைய சினிமாப் பத்திரிகைகளுக்கு அன்றோடு கல்தா. யார் முடி வெட்ட வந்தாலும் உன் படம் இருந்த பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் கழுத்தில் துணியைக் கட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் கதையைப் படிக்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். கண்ணாடி இல்லாமல் எப்படி முடி வெட்டினார் என்று கேட்காதே, அவருக்குப் பொடி எழுத்துதான் மங்கல், பழகிய தலைகள் ஒன்றும் மங்கலில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்தெருப் பேராசிரியர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கல்லூரியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார், இப்போது மணி அடிக்க ஆளில்லை. ஒரு கன்னம் மழித்து முடித்து மறு கன்னத்தில் நுரை போட்டிருக்கும்போது அப்பா, ‘சார், கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்’ என்று பத்திரிகையை அவர் கையில் கொடுத்திருக்கிறார். கொடுப்பாரா வேறு யாராவது? அவரும் பாதி முகம் நுரையோடு, ஏற்ற இறக்கமெல்லாம் வைத்துக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்திருக்கிறார். நடுநடுவே நிறுத்தி விளக்கம் வேறு. ‘பாருங்க, இந்த மழை வெறும் மழை இல்ல, அந்தக் குடும்பத்தோட துக்கம். குழாய் சொட்டுறதை, யாரோ வெளியில தெரியாம அழுவுற மாதிரின்னு எழுதியிருக்கா. அந்த வீட்டுல ஒருத்தரும் அழலை, ஆனா நமக்கு நெஞ்சு கனத்துப்போகுது. அதான் உவமை செய்யுற வேலை’ என்றாராம். அப்பா, ‘குழாய்ல வாஷர் தேஞ்சு போச்சு சார், அதான் சொட்டுச்சு’ என்றாராம். கடையே சிரித்திருக்கிறது, அப்பாவும் சேர்ந்து சிரித்திருக்கிறார். பிறகுதான் அந்த வரி வந்தது. ‘பூட்டிய வீட்டுக்குள் தகர டப்பா உருள்வதைப் போல அப்பா சிரித்தார். அது உருண்டு ஓய்ந்ததும் வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது.’ பேராசிரியர் இதை இரண்டு தடவை ருசித்துப் படித்தாராம், ஒரு தடவை போதாது என்று. அதற்குள் கன்னத்து நுரை காய்ந்துவிட்டது. அப்பா மறுபடி நுரை போட்டு மழித்து அனுப்பினாராம்.

அன்று சாயங்காலம் நானும் படித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். முடித்ததும் அந்த வீட்டுக்காரிக்காக நானே ‘உச்’ கொட்டினேன், பிறகுதான் அந்த வீட்டுக்காரி நான்தான் என்று உறைத்தது. கூடத்து விளக்கு காமாலை கண்ட கண்ணைப் போல் இருந்தது என்கிறாய், அது உனக்குக் கண் கூசுகிறது என்று நீ சொல்லி மாற்றிய விளக்கு. ஜன்னல் திரை தூக்கில் தொங்குவது போலத் தொங்கியது என்கிறாய், திரை பின்னே எப்படித்தான் தொங்குமாம்? அம்மா அணைந்த அடுப்பு மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்கிறாய். வேலை முடிந்து வந்து காலை நீட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அணைந்த அடுப்பா? அடுப்பு எரிந்த நேரமெல்லாம் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். கதை முழுக்க மழை கொட்டுகிறது. கதையில் வருகிற அந்த வருடம் சொட்டு மழை இல்லாமல், தண்ணீர் லாரிக்குப் பின்னால் நீயும் நானும் வாளியோடு ஓடினோம், மறந்தேபோயிற்றா? ஆனால் வெயிலையும் வாளியையும் எழுதியிருந்தால் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும், உனக்கு வேண்டிய துக்கம் வந்திருக்காது. அது எனக்குப் புரிகிறது. பல் டாக்டரின் முன்மேசையில் இத்தனை காலம் உட்கார்ந்தவளுக்கு இது புரியாமல் இருக்குமா? எங்கள் டாக்டர் ஊசியை எடுக்கும்போது, ‘எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்’ என்பார், எவ்வளவு பெரிய மீசைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்துவிடுவார். முன்பிருந்த உதவிப் பெண், உண்மையைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறவள், ஒருவரிடம், ‘ஆணி இறங்குற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க’ என்றாள். அவர் கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கி ஓடிவிட்டார், துணி இன்றுவரை திரும்பி வரவில்லை. இரண்டு பேருக்கும் ஊசி ஒன்றுதான். எதைப் போல என்று சொல்கிறோமோ அதுதான் ஆளுக்குள் இறங்குகிறது. நீ ஆணியைத் தேர்ந்தெடுத்தாய், அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததையும் கேள். எதிர்வீட்டு அக்கா ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, ‘இவ்ளோ கஷ்டத்தையும் உள்ள வச்சிக்கிட்டா எங்ககூடப் பேசிச் சிரிச்சீங்க’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பழம் நன்றாக இருந்தது. அப்பா குழாய்க்கு வாஷர் மாற்றினார். கூடத்துக்குக் கண்ணைக் குத்துகிற வெள்ளை விளக்கு வாங்கி மாட்டினார். திரையைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டார், நாங்கள் சாப்பிடுவது இப்போது தெருவுக்கே தெரிகிறது. உன் கதையை வரிவரியாகப் பழுது பார்க்கிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டேன். சிரிப்பை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை, அதனால் நிறுத்திவிட்டார். கடையில் ஏதாவது வேடிக்கை சொல்லும்போது, சிரிப்பு வருவதற்கு முன்பே கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து உயரத் தூக்கிக்கொள்வாரே, உடம்பு குலுங்கி யாருக்கும் கீறல் விழக்கூடாது என்று. இப்போதும் பழக்கத்தில் கத்தியைத் தூக்குகிறார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். பிறகு ஒன்றும் வராமல் மறுபடி கன்னத்தில் வைக்கிறார். நேற்று சாவி வாங்கப் போனபோது நானே பார்த்தேன், என்னால் தாங்க முடியவில்லை.

உன்மேல் அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. யாரோ ஒருவர், ‘பெத்த அப்பனை ஒரு பொண்ணு இப்படியா எழுதுவா’ என்று ஆரம்பித்ததற்கு, ‘என் பொண்ணு எழுத்தைப் பத்தி இந்தக் கடையில யாரும் குறை பேசக்கூடாது’ என்று சொல்லி, அந்த மனிதரைப் பாதி வெட்டோடு நாற்காலியிலிருந்து எழுப்பப் பார்த்திருக்கிறார். நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது நான்தான் பேச்சை எடுத்தேன். இதெல்லாம் எழுதுகிறவர்களின் தொழில், எங்கள் டாக்டரின் எறும்பு, அந்த உதவிப் பெண்ணின் ஆணி மாதிரிதான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். பெரிதாகச் சமாதானம் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ‘டாக்டர் ஊசி போடுறவரு, எறும்புன்னு சொல்லலாம், என்ன வேணாலும் சொல்லலாம். அவ குத்து வாங்குனவ. ஆணி மாதிரி இருந்துச்சுன்னு அவ சொன்னா அப்படித்தான் இருந்திருக்கும். நான் சிரிச்சப்பல்லாம் அவளுக்கு வீடு காலியாக் கெடந்திருக்கு. அவளும் சேர்ந்து சிரிக்கிறான்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.’ எனக்கும் தெரியாதே.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். புத்தகமாக வரும்போது அந்த வரியை எடுத்துவிடு என்று கேட்கவில்லை, நல்ல வரி, இருக்கட்டும். கதைக்கு வேண்டும் என்று போட்டாயா, இல்லை உனக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்ததா, அது மட்டும் எங்களுக்குத் தெரிய வேண்டும். கதைக்காக என்றால் அதை அவரிடம் நேராகச் சொல்லு, பெய்யாத மழையைப் பெய்ய வைத்தேனே, அந்த மாதிரிதான் இதுவும் என்று சொல்லு. அவர் நம்பிவிடுவார், நீ சொன்னால் எதையும் நம்புகிறவர். நிஜம் என்றால் அதையும் சொல்லு. கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் அப்போது எதையும் ‘அதைப் போல, இதைப் போல’ என்று சொல்லாதே. உனக்கு என்ன குறை இருந்தது, எப்போது இருந்தது, நாங்கள் எதைப் பார்க்காமல் விட்டோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லு. பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்டுக்கொள்கிறோம்.

நீ நீண்ட ஆயுளோடு, கை ஓயாமல் எழுதி, நல்ல பெயரோடு இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய், அப்பாதான் எடுப்பார். எடுத்ததும் வழக்கம்போல ‘அம்மாகிட்ட குடுங்க’ என்று சொல்லிவிடாதே. நீ அங்கே போனதிலிருந்து போனில் அவரிடம் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா